கன்றின்பின் போகவிட்ட தாயுள்ளம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியை அநுபவித்து வரும் நாம், இம்முறை ஒரு பாசுரத்துக்குப் பதவுரை காண்பதை விடுத்து, அத்திருமொழிகள் நம் இல்லங்களில் எழுப்பும் ஒரு கேள்வியைச் சிந்திக்கலாம் என்று அடியேனுக்குத் தோன்றிற்று. சிறு குழந்தையைப் பெரியோர் கண்ணில் படாமல் தனியே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் விடலாம்? விடாதிருப்பது அன்பா, விடுவது அன்பா? கேள்வி சிறிதுபோல் தோன்றும். ஆனால் தவறினால் திருத்த இயலாத கேள்வி இது.

கேள்வி பிறந்த இடம்

அடியேன் சில மாதங்கள் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் குமாரத்தியின் அகத்தில் தங்கியிருந்தேன். பேத்திக்கு எட்டு வயது நிரம்பியிருந்தது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் அமுதுசெய்த சர்க்கரைப் பொங்கலை மூன்றாம் தெருவிலுள்ள தோழியின் அகத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. “நானே போய்க் கொடுத்துட்டு வரேன், அம்மா. யாரும் வர வேண்டாம்” என்றாள் குழந்தை. கூடாது என்று அவள் தாய் உடனே மறுத்தாள். குழந்தை அழவில்லை, அடியேனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குமாரத்தி, “நீங்க சொல்லுங்கோ, அப்பா. நான் செஞ்சது தப்பா?” என்றாள்.

அடியேனால் விடை கூற இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அடியேன் பிறந்து வளர்ந்தது காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். ஏழு வயதில் தனியே கோயிலுக்குப் போவோம். பால் வாங்கி வருவோம். விடியற்காலையில் ஆற்றுக்குப் போய் நீராடித் திரும்புவோம். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. வயோதிகர்களாகிய நாங்கள் இதையெல்லாம் பேரக்குழந்தைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் சொல்லாமல் விடுகிற ஒன்றும் உண்டு. ஓர் ஆடி மாதம், புதுவெள்ளம் வந்த நாலாம் நாள், எங்களோடு ஆற்றில் இறங்கிய ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கரையேறவில்லை. அடியேனுக்கு அப்போது எட்டு வயது. அவனுடைய வேஷ்டி மடித்து வைத்தபடி படித்துறையிலேயே இருந்தது. ‘அந்தக் காலத்தில் குழந்தைகள் சுதந்திரமாக வளர்ந்தார்கள்’ என்று யாரேனும் சொல்லும்போதெல்லாம் அந்த வேஷ்டி கண்முன் வரும். கரையேறினவர்கள் மட்டுமே பழைய காலத்தைப் பற்றிப் பேசுகிறோம். கரையேறாதவனையும் கணக்கில் சேர்க்காமல் இக்கேள்விக்கு விடை கூறலாகாது.

உலகம் நிற்கும் நிலை

இக்கேள்வி நம்மவர் அகங்களில் மட்டும் எழுவதன்று. இங்கிலாந்தில் 1971இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் பெரியோர் துணையின்றிப் பள்ளிக்குப் போய்வந்தனர். 1990இல் மீண்டும் ஆராய்ந்தபோது அது 9 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அந்த இடைக்காலத்தில் சாலை விபத்தில் இறக்கும் குழந்தைகளின் தொகை குறைந்தது உண்மை. ஆனால் சாலை நல்லதானதால் அது குறைந்ததன்று, குழந்தைகளைச் சாலையிலிருந்து விலக்கிவிட்டதால் குறைந்தது என்பதே அவ்வாராய்ச்சி செய்தவர்களின் முடிபு. வாகனத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் குழந்தையைக் கட்டினார்கள்.

மேரிலாந்து மாநிலத்திலேயே 2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. பத்து வயதும் ஆறு வயதுமான உடன்பிறந்தார் இருவர், பெற்றோர் அநுமதியுடன், பூங்காவிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரம் நடந்து அகம் திரும்பிக்கொண்டிருந்தனர். யாரோ கண்டு தெரிவிக்க, காவலர் அக்குழந்தைகளை வாகனத்தில் ஏற்றி வந்தனர். பெற்றோர் கடமை தவறினரோ என்று விசாரணை நடந்தது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையை, பதின்மூன்று வயதாவது நிரம்பிய நம்பத்தகுந்த ஒருவரின் துணையின்றி வீட்டிலோ கட்டடத்திலோ வாகனத்திலோ விட்டுச்செல்லலாகாது என்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. திறந்த வீதியில் நடந்து வருவதைப் பற்றி அதில் பேச்சில்லை. அதுவே வழக்குக்கு இடமாயிற்று. மறு ஆண்டில் பெற்றோர்மீது குற்றமில்லை என்று முடிந்தது. அதன்பின் 2018இல் யூட்டா மாநிலம், போதிய அறிவும் வயதும் உள்ள குழந்தை தனியே பள்ளிக்கு நடப்பதும் வெளியே விளையாடுவதும் பெற்றோரின் கடமை தவறுதலாகாது என்று சட்டமியற்றிற்று. டெக்ஸஸ், ஓக்லஹோமா முதலிய மாநிலங்களும் 2021இல் அவ்வழியே சென்றன.

ஜப்பானிலோ, 1991 முதல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி பெருவிருப்புடன் பார்க்கப்படுகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தையைத் தாய் முதன்முதலாகக் கடைக்கு அனுப்புகிறாள். குழந்தை தன்னந்தனியே போவதாக எண்ணிப் போகிறது. படம் எடுப்பவர்கள் வழிப்போக்கர் வேடத்தில் பின்னும் முன்னும் செல்கின்றனர். குழந்தை வழியில் நின்று அழுவதும், அழுகையைத் துடைத்துக்கொண்டு மேலே நடப்பதும், காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு திரும்புவதும் காண்பவர் கண்களைப் பனிக்கச் செய்கின்றன. அக்குழந்தை தனியே போயிற்றா, துணையோடு போயிற்றா? இவ்விடத்தை நெஞ்சில் வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

யசோதையின் இரண்டு வார்த்தைகள்

இனி நம் ஆழ்வார் பக்கம் வருவோம். பெரியாழ்வார் கண்ணனுடைய பிள்ளைப்பருவத்தைப் பாடிய முறையை வரிசையாக நோக்கினால் ஒன்று புலப்படும். தாலாட்டில் குழந்தை தொட்டிலை விட்டு நீங்காது. செங்கீரையில் தவழும் நிலை. சப்பாணியில் அமர்ந்து கைகொட்டுகிறது. தளர்நடையில் இரண்டடி தள்ளி நடக்கிறது. பின்பு ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்கிறது. முதுகுப் பக்கம் வர வேணுமாகில் தாயின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு ஒருமுறை போயிருக்க வேணுமே! பிறகு அயலகத்து வெண்ணெய், அயலாரின் முறையீடு, அந்திப்பொழுதில் காப்பிட அழைத்தும் வாராமை. கடைசியில் கன்றின்பின் காட்டுக்குப் போக்கு. ஒவ்வொரு திருமொழியிலும் தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள தூரம் ஓரடி கூடுகிறது. பிள்ளைத்தமிழுக்கு வித்திட்ட இந்த வரிசை, தாய் கைவிடாமலே கையை விடும் வரிசையுமாகும்.

மூன்றாம் பத்தின் இரண்டாம் திருமொழி முழுவதும் யசோதையின் புலம்பல். பிள்ளையை நீராட்டி அலங்கரித்து அகத்தில் வைத்துக்கொள்ளாமல் கன்றின்பின் காட்டுக்கு ஏன் போக்கினேன் என்று தன்னையே நொந்துகொள்கிறாள். பருக்கைக் கல் உறுத்தும் வெங்கானத்துக்குக் குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பிவிட்டேனே என்கிறாள். அடுத்த திருமொழியில் பிள்ளை திரும்பி வருகிறான். அங்கே அவள் சொல்லும் வார்த்தை வேறு. குடையும் செருப்பும் குழலும் வரவழைத்துத் தந்தேன், நீதான் கொள்ளாமல் போய்விட்டாய் என்கிறாள்.

கொடுத்தாளா, கொடுக்கவில்லையா? இரண்டும் மெய்யே என்று அடியேன் கொள்கிறேன். பிள்ளை கண்ணெதிரே நிற்கும்போது நடந்தது நடந்தபடி நினைவுக்கு வருகிறது. பிள்ளை கண்ணுக்கு மறைந்திருக்கும்போது, கொடுத்ததும் கொடாததாகத் தோன்றுகிறது. பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் அது தன் குற்றமே என்று எண்ணுவது தாயின் இயல்பு. பாவம், அவள் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறாள். இக்காலத்துப் பெற்றோர் பலர் குழந்தையைத் தனியே விட அஞ்சுவதில், குழந்தைக்கு வரும் தீங்கைப் பற்றிய அச்சம் பாதி. ‘நான் பார்த்துக்கொள்ளாமல் விட்டேன்’ என்று நாளை என் நெஞ்சே சொல்லுமே என்ற அச்சம் மற்றொரு பாதி. அயலார் என்ன சொல்வரோ, சட்டம் என்ன சொல்லுமோ என்பதும் அதனோடு சேர்கிறது. இவ்விரண்டாம் பாதியைப் பிரித்தறிவது நன்று. அது குழந்தையின் நன்மைக்கான அச்சமன்று. நம் நிம்மதிக்கான அச்சம்.

“கண்ணன் பரமாத்மா அன்றோ! அவனைத் தனியே விட்டதைக் காட்டி நம் குழந்தைகளை விடலாம் என்பது தகுமோ?” என்று தேவரீர்கள் கேட்கக்கூடும். தகுந்த கேள்வியே. அவன் செய்த லீலைகளை நம் குழந்தைகளுக்கு அளவுகோலாக்கலாகாது. ஆனால் யசோதை அவனைப் பரமாத்மா என்றெண்ணி அனுப்பவில்லை. அவனுடைய ஸௌலப்யத்திலே அகப்பட்டு, பரத்வத்தை மறந்து, பசிக்கும், கால் நோகும், மழையில் நனைவான் என்று எண்ணியே அனுப்பினாள். ஆகையால் அவள் செய்த முடிவு ஒரு மானிடத் தாய் செய்த முடிவு. நாம் கற்பது அந்த முடிவிலிருந்தே.

கட்டுவதா, இடம் மாற்றுவதா?

ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தை இக்கேள்வியோடு படித்தால், ஆய்ச்சேரிப் பெரியோர்கள் எவ்வளவு நிதானத்தோடு நடந்தார்கள் என்பது தெரியும்.

முதலில் தாய் குழந்தையை உரலோடு கட்டினாள். கட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அகத்து வேலையில் ஆழ்ந்தாள். அந்நேரத்தில்தான், கட்டிய உரலே இழுபட்டு, இரண்டு மருத மரங்களும் விழுந்தன. கட்டு ஆபத்தை நீக்கவில்லை. கட்டியிருக்கிறோம் என்ற எண்ணம் தாயின் கண்ணை அப்பால் திருப்பிற்று. ஓடிவந்த நந்தகோபர் புன்முறுவலோடு கட்டை அவிழ்த்தார்.

அதன்பின் பெரியோர்கள் கூடி ஆலோசித்தபோது, உபநந்தர் என்னும் முதியவர் கூறியது கவனிக்கத்தக்கது. இவ்விடத்தில் குழந்தைகளுக்கு அடிக்கடி ஆபத்து வருகிறது, ஆகவே நாம் எல்லோரும் பிருந்தாவனத்துக்குக் குடிபெயர்வோம் என்றார். இன்னும் வலிய கயிற்றால் கட்டுங்கள் என்று அவர் கூறவில்லை. ஒரு குழந்தைக்காக ஒரு சேரி முழுவதும் வண்டி பூட்டிற்று. குழந்தையின் உலகைச் சுருக்குவது ஒரு வகைக் காப்பு. குழந்தை உலாவத்தக்கதாக உலகைச் செப்பனிடுவது மற்றொரு வகைக் காப்பு. முன்னது எளிது, ஒரு தாய் தனியே செய்யலாம். பின்னதற்கு ஊர் கூட வேண்டும். இங்கிலாந்துச் சாலைகளில் நடந்தது முன்னது. ஆய்ச்சேரி செய்தது பின்னது.

பிருந்தாவனம் சென்ற பிறகும் எடுத்த எடுப்பில் காட்டுக்கு அனுப்பிவிடவில்லை. முதலில் கன்றுகள், அதுவும் சேரிக்கு அதிக தூரமில்லாத இடத்தில், மற்றப் பிள்ளைகளோடு கூட. ஐந்து பிராயம் கடந்து பௌகண்டப் பருவம் வந்த பின்னரே, ஆயர் பெரியோர்கள் இசைந்து, பசுக்களை மேய்க்க விட்டனர். கன்றிலிருந்து பசு, அண்மையிலிருந்து சேய்மை என்று படிப்படியாக விட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் பெரியோர் இசைவு இருந்தது. எல்லாப் படியிலும் துணைப் பிள்ளைகள் இருந்தனர். காளியன் மடுவுக்குப் போன அன்று பலராமன் உடன் போகவில்லை என்பதை அறிந்தே ஆய்ச்சேரி அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிற்று. துணை எவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் அந்நிகழ்ச்சிக்குப் பிறகு பிள்ளையை அகத்தில் பூட்டவில்லை. மாடு மேய்த்தல் தொடர்ந்தது.

ஸ்வாதந்த்ர்யம் என்னும் சொல்

இங்கே நம் ஸம்ப்ரதாயத்தவர்க்கே உரிய ஓர் ஐயம் எழும். ஆத்மாவுக்குப் பாரதந்த்ர்யமே ஸ்வரூபம் என்றும், ஸ்வாதந்த்ர்யம் கழியத்தக்கது என்றும் பூர்வாசார்யர்கள் அருளியிருக்க, குழந்தைக்கு ஸ்வாதந்த்ர்யம் கொடுப்பதைப் பேசலாமோ?

சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. கழிய வேண்டிய ஸ்வாதந்த்ர்யம் ‘நான் எனக்குரியவன்’ என்னும் நினைவு. தன் காலணியைத் தானே மாட்டிக்கொள்வதும், தெருவைத் தானே கடப்பதும் அந்நினைவாகா. அன்றியும், அந்தப் பாரதந்த்ர்யம் யாருக்கு? எம்பெருமானுக்கு, பெற்றோருக்கு அன்று. குழந்தை அவனுக்கு சேஷம். நாம் அவனால் சிலகாலம் ஒப்படைக்கப்பெற்ற காவலர். ‘என் குழந்தை, நான் சொன்ன இடத்திலேயே இருக்க வேணும்’ என்பதில், அன்பு என்று பெயர் பூண்ட ஸ்வாமித்வ நினைவு ஒளிந்திருக்கக் கூடும். ஒப்படைத்த பொருளை உடையாமல் காக்கவும் வேணும். வளராமல் பெட்டியில் வைத்துப் பூட்டித் திருப்பிக் கொடுத்தாலும் குற்றமே.

மேலும், ஸர்வ நியந்தாவான ஈச்வரனே நம்மை எப்படி நடத்துகிறான் என்று பார்க்க வேணும். ஸ்ரீபாஷ்யத்தில் பராயத்தாதிகரணத்திலே எம்பெருமானார், ஜீவனுடைய செயல் பரமாத்மாவுக்கு அதீனம் என்று ஸ்தாபித்தருளிய கையோடே, அவன் ஜீவனுடைய முதல் முயற்சியை எதிர்பார்த்து அதற்கு அநுமதி தருகிறான் என்றும் அருளினார். உடலையும் இந்த்ரியங்களையும் தந்து, உள்ளே அந்தர்யாமியாய் நின்று, முதல் அடியை ஜீவனே எடுத்துவைக்கும்படி விட்டு அநுமந்தாவாய் இருக்கிறான். இந்த இடம் இல்லையேல் விதி நிஷேத சாஸ்த்ரங்களுக்குப் பொருளில்லாமற் போகும். முழுமையாகக் காக்கவும் முழுமையாகத் தடுக்கவும் வல்லவனே ஓர் இடம் விட்டு நிற்க, இரண்டுக்கும் வல்லமையற்ற நாம் இடமே விடாமல் நிற்பது எப்படித் தகும்?

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அவன் ஒருகாலும் அகலாதவன், நாம் அகலுவோம். அவன் தவறவிட்ட ஜீவனையும் அடுத்த பிறவியில் எடுக்க வல்லவன். நாம் ஆற்றில் போன பிள்ளையை மீட்க வல்லோம் அல்லோம். ஆகையால் அவன் விடுகிற அளவு நாம் விட முடியாது. ஜப்பானியக் குழந்தையின் பின்னே வேடமிட்டு நடப்பவர்களைப் போலே, குழந்தை அறியாமல் சிலகாலம் பின்தொடர்வது நம் அளவுக்குத் தக்க வழி. இக்காலத்தில் குழந்தையின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கடிகாரம் கட்டுகிறார்கள். அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அந்தர்யாமி பார்த்திருந்தும் பேசாதிருக்கிறான். நாமோ நொடிக்கு ஒருமுறை அழைத்து ‘எங்கே இருக்கிறாய்’ என்கிறோம். அப்படி அழைத்தால் குழந்தை தெருவில் நடந்தும் அகத்திலேயே இருக்கிறது.

அச்சமும் மங்களாசாஸனமும்

குழந்தைக்காக அஞ்சுவது குற்றமன்று. அச்சமே வேண்டாம் என்பவன் பெரியாழ்வாரை அறியான். மதுரையில் கருடன்மேல் தோன்றிய எம்பெருமானைக் கண்டு, காலம் நடையாடுகிற இடத்திலே இவ்வடிவுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சியவர் அவர். ஞான தசையில் ரக்ஷகன் ரக்ஷகனாகவும் ரக்ஷ்யம் ரக்ஷ்யமாகவும் அதனதன் இடத்தில் நிற்க, ப்ரேம தசையில் அது தலைகீழாகும் என்பதைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்திலே நிலைநாட்டியருளினார். பெற்றோரின் கலக்கம் ப்ரேமத்தின் விளைவு. அதைக் கேலி செய்வார் நாவுக்கு நற்கதியில்லை.

ஆனால் அவ்வச்சத்தைக் கொண்டு ஆழ்வார் என்ன செய்தார்? வெளியே வர வேண்டாம், ஒளிந்துகொள் என்று எம்பெருமானைத் தடுக்கவில்லை. பல்லாண்டு பாடினார், ஊரையும் பாட அழைத்தார். அச்சத்தைத் தடையாக்காமல் மங்களாசாஸனமாக்கினார். யசோதையும் அப்படியே. திருவோணத் திருநாள் அண்மையில் இருப்பதைச் சொல்லி, இனி நீ போக வேண்டாம், அலங்கரித்துக்கொண்டு அகத்திலேயே இரு என்று மன்றாடுகிறாள். ஆயினும் அடுத்த திருமொழியில் அவன் ஆநிரையோடு திரும்புவதையே காண்கிறோம். அவள் மன்றாட்டு மெய்; அவள் விட்டதும் மெய். ப்ரேமம் அஞ்சட்டும்; முடிவை ஞானம் செய்யட்டும்.

எவ்வளவு விடலாம்?

எட்டு வயது, பத்து வயது என்று ஒரே எண் எல்லோர்க்கும் பொருந்தாது. வாழும் நாட்டின் சட்டத்தை முதலில் அறிந்து, அதற்கு உட்பட்டே எதையும் செய்ய வேணும். அதற்குமேல் அடியேனுக்குத் தோன்றும் சிலவற்றை விண்ணப்பிக்கிறேன்.

முதலாவது, திருத்தக்க தீங்கையும் திருத்த இயலாத தீங்கையும் பிரிக்க வேணும். முழங்கால் சிராய்ப்பு, வழி தவறிப் பத்து நிமிடம் திகைத்தல், சில்லறையைத் தொலைத்தல், தோழியோடு சண்டை ஆகியவை ஆறும். ஆறுவதோடு கற்பிக்கவும் செய்யும். நீர்நிலை, வேகமான வாகனச் சாலை, நெருப்பு, மின்சாரம் இவை ஆறா. இங்கே குழந்தையின் சொல்லை நம்பலாகாது. குழந்தையின் கெட்டிக்காரத்தனத்தையும் நம்பலாகாது.

இரண்டாவது, படிப்படியாக விட வேணும். உடன் நடத்தல், ஓரடி பின்னால் நடத்தல், தெருமுனையில் நிற்றல், பிறகு அகத்து வாசலில் நிற்றல். இருமுனையிலும் தெரிந்தவர் இருக்கட்டும். வழியில் எதேனும் நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கட்டும். அஞ்சுகிற குழந்தையைத் தைரியம் வரட்டும் என்று தள்ளிவிடுவதும் கூடாது. அது விடுதலன்று, கைவிடுதல்.

மூன்றாவது, சொல்லக் கூசினாலும் சொல்லியே ஆக வேண்டியது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் தகாத செயல்களில் பெரும்பாலானவை தெருவில் போகும் அயலாரால் நேர்வன அல்ல. குழந்தை அறிந்தவர்களாலே, பழகிய இடங்களிலே நேர்வன. தெருவுக்கு அஞ்சும் நாம், தெரிந்த ஒருவரோடு பூட்டிய அறையில் குழந்தை இருப்பதற்கு அஞ்சுவதில்லை. பெரியோரைக் கண்டால் ஸேவித்து, சொன்னதைக் கேள் என்று வளர்க்கும் நம் அகங்களில், ‘உனக்குப் பிடிக்காதபடி யார் தொட்டாலும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், வேண்டாம் என்று சொல்லி எழுந்து வா; எங்களிடம் சொல்; நாங்கள் உன்னை நம்புவோம்’ என்றும் சேர்த்துச் சொல்லித்தர வேணும். அவ்வண்ணமே, வெளியே விடாமல் அறையில் கைப்பேசியோடு விட்ட குழந்தை, உலகத்தில் உள்ள எல்லாத் தெருக்களிலும் தனியே நிற்கிறது. அதைக் காப்பாக எண்ணலாகாது.

நான்காவது, உபநந்தர் செய்தது. எங்கள் ஊரில் அந்த ஆடிக்குப் பின் எல்லாத் தாய்மார்களும் பிள்ளைகளை ஆற்றுப் பக்கமே விடவில்லை. மறு ஆண்டு சித்திரையில், நீர் வற்றியிருந்தபோது, அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாள் அடியேனுடைய திருத்தாயாரிடம் வந்தாள். “ஆத்துக்கு அனுப்பாம எத்தனை நாள் வச்சுப்பேள்? ஒருநாள் உங்களுக்குத் தெரியாம போவான். நீந்தக் கத்துக்கொடுங்கோ” என்றாள். அவள் சொல்லியே ஊரார் கூடி, ஓடக்காரர் ஒருவரைப் படித்துறையில் நிறுத்தினார்கள். அவர் இடுப்பளவு நீரில் நின்று எங்களுக்கு நீந்தக் கற்பித்தார். புதுவெள்ள நாள்களில் படித்துறையில் ஒருவர் காவல் இருப்பதென்றும் ஏற்பாடாயிற்று. அடியேன் அன்று கற்ற நீச்சல் ஒருத்தியின் துக்கத்திலிருந்து பிறந்தது. அவள் எங்களைக் கட்டிப்போடச் சொல்லியிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

குடை

இவ்வளவையும் அன்றே குமாரத்தியிடம் அடியேன் சொல்லவில்லை; அந்த அம்மாளைப் பற்றி மட்டும் சொன்னேன். அடுத்து வந்த மூன்று சனிக்கிழமைகளில் பேத்தியோடு அத்தெருக்களை நடந்தோம். எந்த இடத்தில் நின்று இருபுறமும் பார்ப்பது, நாய் இருக்கும் அகம் எது, தெரிந்த முதியவள் இருக்கும் அகம் எது என்று அவளே எங்களுக்குக் காட்டினாள். நான்காம் வாரம் தளிகைப் பாத்திரத்தைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டாள்.

குமாரத்தி ஜன்னல் அருகே நின்றாள். சற்று நேரத்தில் தூறல் போட்டது. “ஐயோ, குடை குடுக்காம அனுப்பிட்டேனே, அப்பா!” என்றாள். அடியேன் வாசல் பக்கம் பார்த்தேன். செருப்பு வைக்கும் பலகைமேல் சிறிய குடை கிடந்தது. புறப்படும்போது அவள் கையில் கொடுத்ததை அடியேனே கண்டேன். குழந்தை பாத்திரத்தை இரு கையாலும் பிடிக்க வேண்டி அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாம் பத்தின் இரண்டு திருமொழிகளும் அந்த ஜன்னலுக்கும் அந்தப் பலகைக்கும் நடுவே கிடந்தன. பல ஆண்டு ஸேவித்தும் புரியாதது அன்று புரிந்தது.

“கொடுத்தாய், அம்மா. அவள் கொள்ளாமல் போனாள்” என்றேன். குமாரத்தி திரும்பிப் பார்த்து, பேசாமல், மறுபடியும் ஜன்னலையே நோக்கினாள். அவள் உதடுகள் அசைந்தன. பல்லாண்டு அநுஸந்திக்கிறாள் என்று தெரிந்தது.

பதினைந்து நிமிடம் கழித்துக் குழந்தை நனைந்த தலையோடு வந்தாள். காலிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “அடுத்த வாரமும் நானே போறேன்” என்றாள். அவள் தாய் தலையைத் துவட்டிக்கொண்டே, “பார்க்கலாம்” என்றாள். யசோதைக்கும் ஒவ்வொரு நாளும் விடிந்தவுடன் இதே கேள்வி மறுபடியும் வந்திருக்கும். ஒருமுறை விடை சொல்லி முடித்துவிடும் கேள்வி அன்று இது. நம் குழந்தைகள் புறப்படும்போது குடையைக் கொடுப்போம். கொள்ளாமல் போனாலும் பல்லாண்டு பாடி நிற்போம். அவர்கள் நடக்கும் தெருவை ஊராகக் கூடிச் செப்பனிடுவோம்.

குற்றம் குறைகளைப் பொறுத்தருள வேணும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்